‘பரீட்சை முடியட்டும்’ என்று இதயம் காத்திருக்குமா?



அடக்கத் திருப்பலிக்குச் செல்லும்போது நம்மில் பலர் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன வயசு?" என்பதுதான். எண்பது என்றால், "நிறைவா வாழ்ந்துட்டுப் போயிருக்கார்" என்று ஆறுதல் கொள்கிறோம். நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி கேட்க நமக்கு வாய் வருவதில்லை. "ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னாராம். வாயுன்னு நினைச்சு சோடா வாங்கிக் குடிச்சாராம்" என்று யாரோ மெல்லச் சொல்கிறார். பெட்டியின் தலைமாட்டில் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் நிற்கிற மகனைப் பார்க்கிறோம். மனம் கனக்கிறது.

வீடு திரும்பியதும் நாம் என்ன பேசுகிறோம்? "நாற்பது தாண்டியாச்சு, நாமும் ஒருமுறை செக்கப் செய்துகொள்ள வேண்டும்" என்கிறோம். நல்லதுதான். ஆனால் அந்த மகனைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. நம் வீட்டில் அதே வயதில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் யோசிப்பதில்லை. மாரடைப்பு என்பது அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் வருவது, பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்கிறோம்.

தொடர்பு இருக்கிறது. நாற்பத்தைந்தில் அடைபடும் இரத்தக் குழாயில் முதல் கொழுப்புக் கோடு பெரும்பாலும் பள்ளி வயதிலேயே விழுந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இங்கே சிந்திக்கப் போகிறோம்.

எப்போது தொடங்குகிறது?

1950 முதல் 1953 வரை கொரியாவில் போர் நடந்தது. அதில் உயிரிழந்த அமெரிக்கப் படைவீரர்கள் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 22. ஓடியாடிப் பயிற்சி பெற்ற, திடகாத்திரமான இளைஞர்கள். ஆனால் அவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேலானவர்களின் இதய இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவின் அடையாளங்கள் ஏதோ ஓர் அளவில் இருந்தன. 1953-இல் இந்த முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் திகைத்துப்போனது.

இருபத்திரண்டு வயதில் இருக்கிறது என்றால் எப்போது தொடங்கியிருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பொகலூசா என்ற சிற்றூரில் 1973-இல் டாக்டர் ஜெரால்ட் பெரென்சன் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஊரிலுள்ள பிள்ளைகளின் எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு அளவு ஆகியவற்றைக் குறித்துவைத்து, அவர்கள் பெரியவர்களான பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் விபத்து போன்ற காரணங்களால் இளவயதிலேயே இறக்க நேரிட்டது. அவர்களின் இரத்தக் குழாய்களைப் பார்த்தபோது உண்மை தெளிவானது. இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகைப்பழக்கம் ஆகியவற்றில் எத்தனை கூடுதலாக இருந்தனவோ, அந்த அளவுக்குக் குழாய்களில் படிவும் கூடுதலாக இருந்தது.

பொகலூசா பிள்ளைகள் உட்பட, அமெரிக்கா, பின்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் சிறு வயது முதல் கவனிக்கப்பட்டுவந்த 38,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு 2022-இல் வெளியானது. பள்ளி வயதில் இந்த அளவுகள் கூடியிருந்தவர்களுக்கு நடுத்தர வயதில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததை அதுவும் உறுதிசெய்தது.

நமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 52 நாடுகளில் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 என்றும் தெரியவந்தது. அதாவது, ஆறு ஆண்டுகள் முன்னதாகவே நம் கதவு தட்டப்படுகிறது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இதில் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. இளவயதில் விழும் கொழுப்புக் கோடுகள் மென்மையானவை, பழக்கம் மாறினால் மட்டுப்படக்கூடியவை. சிறு வயதில் பருமனாக இருந்து, வளர்ந்தபின் சரியான எடைக்கு வந்தவர்களுக்குச் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றின் ஆபத்து, என்றுமே பருமனாக இல்லாதவர்களுக்கு இருக்கும் அளவுக்கே குறைந்திருந்ததை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. அதை நாம் எப்போது தொடங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

நம் வீட்டுப் பத்தாம் வகுப்பு

நம் வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் ஒரு நாளை நினைத்துப் பார்ப்போம். காலை ஐந்து மணிக்கு அலாரம். ஆறு மணிக்கு டியூஷன். திரும்பி வந்து குளித்து, நின்றபடியே இரண்டு வாய் இட்லி. பல நாள் அதுவும் இல்லை. தெருமுனைவரை நடக்கவும் வேண்டாம், வாசலுக்கே வேன் வருகிறது. பள்ளியில் பி.டி. பீரியட் வந்தால் கணக்கு ஆசிரியர் வந்து நிற்கிறார், "போர்ஷன் முடியவில்லை" என்று. மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். இடைவேளையில் பஃப்ஸும் கூல்டிரிங்ஸும். பிறகு மறுபடி டியூஷன். இரவு ஒன்பதரை மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைக்குக் கடைப் பரோட்டா. சாப்பிட்டதும் மறுபடி புத்தகம். விளக்கை அணைத்தபின் போர்வைக்குள் செல்போன். தூங்கும்போது மணி பன்னிரண்டு.

இந்த நாளில் பிள்ளையின் உடல் அசைந்தது எவ்வளவு நேரம்? உறங்கியது எவ்வளவு நேரம்?

"எங்களுக்கும் தெரியும். பத்தாவது முடியட்டும், அப்புறம் விளையாடட்டும்" என்கிறோம். பத்தாவது முடிந்தால் பிளஸ் ஒன், பிளஸ் டூ. அதன்பின் நுழைவுத் தேர்வு, கல்லூரி, வேலை தேடல், திருமணம், வீட்டுக் கடன். 'முடியட்டும்' என்று நாம் சொன்ன நாள் வருவதே இல்லை. உடலை ஒதுக்கிவைப்பது என்ற பழக்கம் மட்டும் நிலைத்துவிடுகிறது. நாற்பத்தைந்து வயதில் நெஞ்சு வலித்தபோது, "மாத முடிவு வேலை முடியட்டும், டாக்டரிடம் போகலாம்" என்று சொல்பவர், அந்தப் பாடத்தைப் பதினைந்து வயதில் நம்மிடம்தான் கற்றார்.

ஒரு மணி நேரம் ஓடட்டும்

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள், மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. அதில் வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி இருக்க வேண்டும். ஆனால் 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகெங்கும் 11 முதல் 17 வயதுள்ள மாணவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் 78 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 85 விழுக்காடு.

நம் ஊரில் பெண்பிள்ளைகள் விளையாட்டை விடும் நாளை நாம் அறிவோம். வயதுக்கு வந்த மறுவாரமே சைக்கிள் மூலைக்குப் போய்விடுகிறது. "இனிமேல் என்ன ஓட்டம், குதியாட்டம்?" என்கிறோம். இதயம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. சடங்கு வைத்த பின்னும் அவள் ஸ்கிப்பிங் ஆடலாம், கோ-கோ ஆடலாம், ஷட்டில் ஆடலாம்.

ஓடும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது. நாள்தோறும் அப்படித் துடிக்கப் பழகிய இதயம் வலுப்பெற்று, ஓய்வில் இருக்கும்போது குறைவான துடிப்பிலேயே தேவையான இரத்தத்தை அனுப்பிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் நெகிழ்வோடு இருக்கின்றன. நல்ல கொழுப்பு கூடுகிறது. உடலியக்கம் பிள்ளைகளின் சிந்தனைத் திறனுக்கும் படிப்புக்கும் நல்லது என்பதையும் அதே வழிகாட்டல் சொல்கிறது. எனவே கணக்குப் பாடத்துக்காக விளையாட்டைப் பறிப்பது கணக்குக்கும் உதவாது.

அறுபது நிமிடத்தையும் ஒரே மூச்சில் செலவிட வேண்டும் என்பதில்லை. டியூஷனுக்குச் சைக்கிளில் போய்வரட்டும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் சும்மாதான் நிற்கிறது. தண்ணீர்க் குடம் தூக்குவதும், மாடிப்படி ஏறுவதும், வீடு கூட்டித் துடைப்பதும் கணக்கில் சேரும். அதை மகளிடம் மட்டும் கேட்காமல் மகனிடமும் கேட்போம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது, மயங்கி விழுகிறது, காரணமின்றிப் படபடக்கிறது என்று பிள்ளை சொன்னால், "சோம்பேறித்தனம்" என்று தள்ளிவிடக் கூடாது. குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் பார்த்து, சரி என்ற பிறகே அந்தப் பிள்ளை களத்தில் இறங்கட்டும்.

உப்பு, சர்க்கரை, எண்ணெய்

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும். அது ஏறத்தாழ தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவே தேவை. ஆனால் 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வின்படி இந்தியர் சராசரியாக 8 கிராம் உப்பு உண்கிறார். குழம்பில் போடுவது நமக்குத் தெரிகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் பாக்கெட், நூடுல்ஸ் மசாலா ஆகியவற்றில் ஒளிந்திருப்பது தெரிவதில்லை. பாக்கெட்டின் பின்புறம் 'சோடியம்' என்று ஓர் எண் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லலாம்.

2 முதல் 18 வயது வரை, உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016-இல் அறிவுறுத்தியது. 300 மில்லி கூல்டிரிங்ஸ் ஒன்றிலேயே ஏறத்தாழ 30 கிராம் இருக்கிறது. காலை, மாலை டீக்குப் போடுவது தனி. திருவிழாவுக்கும் பிறந்த நாளுக்கும் கேக் வெட்டுவது தவறில்லை. தாகம் எடுத்தால் தண்ணீருக்குப் பதிலாகக் கூல்டிரிங்ஸைத் தேடும் பழக்கமே ஆபத்து.

வனஸ்பதியில் செய்த பேக்கரிப் பண்டங்களிலும், திரும்பத் திரும்பக் காயவைத்த எண்ணெயிலும் உள்ள கெட்ட கொழுப்பு இரத்தக் குழாய்க்குப் பகை. எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் இந்தக் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் நாட்டில் சட்டமே இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்றும் 2020-இல் விதி செய்யப்பட்டது. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கேன்டீனில் இப்போது என்ன விற்கிறார்கள் என்று நாம் எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறோமா? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும் நாம், இதையும் கேட்கலாம்.

மாற்று உணவைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அவித்த சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, நெல்லிக்காய், வாழைப்பழம், கேழ்வரகு அடை, முருங்கைக்கீரைப் பொரியல் எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவை, விலையும் குறைவு. பத்து வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும். தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஓரமாகவும் இருப்பதைக் கொஞ்சம் மாற்றினால் போதும். காலை உணவை மட்டும் எந்தப் பரீட்சைக்காகவும் விட வேண்டாம். காலையில் வெறும் வயிறாகப் போகிற பிள்ளைதான் பதினொரு மணிக்குக் கேன்டீனில் நிற்கிறது.

தூக்கம் சோம்பல் அல்ல

13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நாம் உறங்கும்போது இரத்த அழுத்தம் தாழ்கிறது, இதயம் இளைப்பாறுகிறது. தொடர்ந்து தூக்கம் குறைந்தால் இரத்த அழுத்தமும் எடையும் கூடும் வாய்ப்பு உண்டு. இதனால்தான் அமெரிக்க இதயச் சங்கம், இதய நலத்துக்குத் தான் சொல்லிவந்த ஏழு விதிகளோடு தூக்கத்தை எட்டாவதாக 2022-இல் சேர்த்தது. செல்போனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்குவது நல்ல வழி. ஆனால் இதைப் பிள்ளைக்கு மட்டும் விதித்துவிட்டு, நாம் நள்ளிரவுவரை செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் அந்த விதி ஒரு வாரம்கூட நிற்காது.

பெட்டிக்கடைக்கு அனுப்பும் அப்பா

இந்தியாவில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவதாக 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு காட்டியது. நூறு பேர் படிக்கும் இடத்தில் எட்டு, ஒன்பது பேர். இன்று அது சிகரெட்டாக மட்டும் வருவதில்லை. உதட்டுக்குள் அடக்கிவைக்கும் சிறு பொட்டலமாகவும் வருகிறது. புகை இல்லை, வாடை இல்லை, வகுப்பறையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிகோடின் அதே நிகோடின்தான். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அது உயர்த்துகிறது, விட முடியாதபடி பிடித்துக்கொள்கிறது.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் புகையிலை விற்பதும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறாருக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். சட்டம் கடுமையாகவே இருக்கிறது. ஆனால், "தம்பி, ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று மகன் கையில் காசைக் கொடுத்து அனுப்பும் அப்பாக்கள் நம்மிடையே இல்லையா? பெட்டிக்கடைக்கு வழி காட்டியது யார்?

தொண்டை வலியும் இதயமும்

நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. 5 முதல் 15 வயதில் ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரலாம். இதை ருமாட்டிக் காய்ச்சல் என்கிறார்கள். மூட்டு வீக்கம் தானே வடிந்துவிடும். ஆனால் அது இதய வால்வுகளில் விட்டுச்செல்லும் வடு ஆயுள் முழுதும் தொடரலாம். பென்சிலின் போன்ற எளிய மருந்தால் தடுக்கக்கூடியது இது. எனவே காய்ச்சலோடு வரும் தொண்டை வலியை மருத்துவரிடம் காட்டுவோம். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, வலி நின்றதும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை கொடுப்போம். ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பரீட்சை, ஊர்த்திருவிழா என்று தள்ளிப்போடக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடலாம். 13 வயதுக்கு மேல் 120-க்கு 80-ஐவிடக் குறைவாக இருப்பது இயல்பு. பல முறை பார்த்தும் 130-க்கு 80 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கொழுப்பு மிக அதிகம் என்றால், பிள்ளைக்கும் எப்போது சோதிக்க வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவற்றையெல்லாம் படித்துவிட்டு, பருமனாக இருக்கும் பிள்ளையை "குண்டு" என்று கேலி செய்ய வேண்டாம். கேலி யாரையும் மெலியவைத்ததில்லை. அது பிள்ளையை ஒளிந்து தின்னவைக்கும், விளையாட்டுக் களத்திலிருந்து விரட்டும். ஒல்லியாக இருக்கும் பிள்ளைக்கு ஆபத்தே இல்லை என்பதும் சரியல்ல. வீட்டுச் சமையலும் வீட்டு நேரமும் எல்லோருக்குமாக மாறட்டும்.

நம்மை நாமே கேட்போம்

- இந்த வாரம் நம் பிள்ளை எத்தனை நாள் வியர்க்க விளையாடியது?
- நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கியது?
- பி.டி. பீரியட் நடக்கிறதா என்று பள்ளியில் கேட்டிருக்கிறோமா?
- நம் கோவில் மைதானம் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறதா, அல்லது பந்து பட்டுக் கண்ணாடி உடையும் என்று பூட்டிவைத்திருக்கிறோமா?
- பிள்ளைகள் விட வேண்டும் என்று நாம் நினைக்கும் பழக்கங்களில் எத்தனை நம்மிடமே இருக்கின்றன?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. இன்று மாலை ஒன்றை மட்டும் செய்வோம். புத்தகத்தை அரை மணி நேரம் மூடிவைக்கச் சொல்லி, பிள்ளையோடு வெளியே நடப்போம். முதலில் அது வியப்போடு நம்மைப் பார்க்கும். நடக்கட்டும். பேசாமலேயே நடந்தாலும் பரவாயில்லை.

பெட்டியின் தலைமாட்டில் சீருடையோடு நின்ற அந்த மகனை நினைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு கழித்து அவனுடைய பிள்ளை அப்படி நிற்கக் கூடாது, நம் பிள்ளையின் பிள்ளையும் நிற்கக் கூடாது. அதற்கான வேலை நாற்பதில் தொடங்குவதல்ல. பரீட்சை முடிந்தபிறகு தொடங்குவதும் அல்ல.